ஒன்பதாம் படுக்கையின் கிடை

சேந்தங்கரை அரசாங்க ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், ஒன்பதாம் படுக்கைக்கு அடியிலிருந்து முதல் ஆடு வெளியே வந்தபோது மணி காலை பதினொன்று இருக்கும். ஆயாமார் நாங்கள் இரண்டு பேர் பினாயில் தண்ணீர் விட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தோம், ஈரத்தில் கால் வைக்காதே என்று சொன்னோம், அது கேட்கவில்லை, நாலு குளம்பும் பதிய நடந்துபோய் ஜன்னலோரம் நின்று வெளியே பார்த்தது. செம்மறிதான். பழுப்பு நிறம், இடது காதில் ஒரு வெட்டு. அதன் பின்னால் இன்னொன்று வந்தது, அதன் பின்னால் ஒரு குட்டி வந்தது, குட்டி வழுக்கி விழுந்து எழுந்தது. துடைத்த இடத்தை மறுபடியும் துடைக்க வேண்டுமே என்ற எரிச்சல்தான் எங்களுக்கு முதலில் வந்தது, மற்றதெல்லாம் பிறகுதான்.

ஒன்பதாம் படுக்கையில் கிடந்தவர் சாத்தையாக் கோனார், எழுபத்தெட்டு வயசு. சிவகங்கைச் சீமையில் ஆட்டோடு ஆடாக வளர்ந்து, வருஷா வருஷம் அறுப்பு முடிந்த பங்குனியில் நூற்றுக்கணக்கான ஆடுகளை ஓட்டிக்கொண்டு எங்கள் பக்கத்து வயல்களுக்கு வந்து கிடை போட்டவர். ஆடுகள் ஒரு பொழுது ஒரு வயலில் படுத்து எழுந்தால் போதும், அடுத்த போகத்துக்கு அந்த வயல் சிரிக்கும். முழங்கால் தேய்ந்ததும் ஆடுகளை விற்றுவிட்டு, பக்கத்துக் கொத்தங்குடியில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் முத்திருளாயி வீட்டுக்கு வந்துவிட்டார், அது ஆகிறது அஞ்சு வருஷம். ஆடுதான் இல்லையே ஒழிய ஆள் நல்ல தெளிவு. அந்தச் சித்திரையில் நாலு நாள் காய்ச்சல், நீர்க்கடுப்பு, எழுந்து எழுந்து போக வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திவிட்டார், அஞ்சாம் நாள் காலையில் மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ளை, இங்கன என்ன பண்றே?" என்றார். அவள் பதறிப்போய் ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தாள். வந்து படுத்த ஒரு மணி நேரத்தில் ஆடு வந்தது.

வார்டுக்குப் பொறுப்பு அமலோற்பவம் சிஸ்டர். குட்டையான உருவம், ஐம்பத்தாறு வயசு, அடுத்த வருஷம் மாசி வந்தால் இந்த ஆஸ்பத்திரியில் இருபது வருஷம். அவர் வந்து ஆடுகளை ஒரு பார்வை பார்த்தார், கோனாரின் நெற்றியைத் தொட்டார், நாக்கை நீட்டச் சொன்னார், நாக்கு வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி வறண்டு கிடந்தது.

"மூணு ஆடுன்னா லேசாத்தான் இருக்கு. பயப்படாதே" என்று முத்திருளாயியிடம் சொன்னார்.

"அப்பாவுக்குப் புத்தி போயிருச்சா சிஸ்டர்?"

"போகலைம்மா. தடுமாறுது. இது வேற, அது வேற. பக்கத்துக் கட்டிலைப் பாரு."

எட்டாம் படுக்கையில் இருந்தவர் பக்கிரிசாமி. ஊரில் சினிமாக் கொட்டகை இருந்த காலத்தில் நாற்பது வருஷம் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தவர். கொட்டகை போய், கல்யாண மண்டபம் வந்து, அதுவும் போய்விட்டது; அவருக்குள்ளும் பெண்சாதி பேர், மகன் பேர், காலையில் சாப்பிட்டதா இல்லையா என்பது எல்லாம் ஏழெட்டு வருஷத்தில் ஒவ்வொன்றாகக் கழன்றுபோய், கிழிக்கிற கை மட்டும் மிச்சமிருந்தது. கட்டில் பக்கம் யார் போனாலும் கையை நீட்டுவார். ஒரு காகிதம் கொடுத்தால் பாதியைக் கிழித்து வைத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்து, "உள்ள போங்க, நியூஸ் ரீல் ஓடுது" என்பார். நாங்கள் யாரும் பழைய காலண்டர் தாள் இல்லாமல் அந்தப் பக்கம் போவதில்லை.

"அவருக்கு வந்தது மெள்ள மெள்ள வந்தது, அது இருக்கும், நாமதான் அதோட இருந்து பழகிக்கணும். உங்க அப்பாவுக்கு வந்தது நேத்து ராத்திரி வந்தது. உள்ள தண்ணி போகணும், கிருமிக்கு மருந்து போகணும், நல்லாத் தூங்கணும். போயிரும்."

"ஆடு?"

"ஆடும் போயிரும்."

ஆனால் தண்ணீர்தான் உள்ளே போகவில்லை. சிஸ்டர் டம்ளரை வாயருகே கொண்டுபோனால் கோனார் மரியாதையாக ஒதுக்கிவிட்டு, ஆடுகளைக் காட்டி, "அதுக குடிக்காம நான் குடிக்கிறதா, நல்ல கதை" என்றார். ஆட்டுக்காரர்களுக்கு அப்படி ஒரு சட்டம் உண்டு, எந்தக் கோர்ட்டிலும் எழுதாத சட்டம், கண்மாய்க்கரைக்குப் போனால் கடைசி ஆடு வாயை எடுக்கிறவரை மேய்க்கிறவர் கையைத் தண்ணீரில் நனைக்கக்கூடக் கூடாது. சரி என்று மூன்று ஆட்டுக்கும் வாளியில் வைத்தோம். அவை குடித்து முடிப்பதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து இன்னும் இரண்டு வந்தன. ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாங்கள் அந்தப் பக்கம் திரும்பியபோது கோனார் குழாயைக் கழற்றி ஒரு கிடாயின் வாயில் வைத்திருந்தார், கிடா கண்ணை மூடிக்கொண்டு அரை பாட்டில் குடித்திருந்தது.

டூட்டியில் இருந்த சின்ன டாக்டர் கோபப்பட்டு, கையைக் கட்டச் சொல்லிவிட்டுப் போனார். அது வார்டில் வழக்கம்தான், குழாயைப் பிடுங்குகிறவர் கையைப் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியோடு கட்டிவிடுவது, நாங்களும் எத்தனையோ பேரைக் கட்டியிருக்கிறோம், அதில் ஒன்றும் தப்பில்லை என்றுதான் நினைத்திருந்தோம். அன்றைக்குக் கட்டி முடித்து முடிச்சுப் போட்ட கையோடு, பட்டியைத் திறந்துவிட்ட மாதிரி ஆடுகள் வர ஆரம்பித்தன. அஞ்சு இருபதாச்சு, இருபது அறுபதாச்சு, வார்டுக்குள் வாசல் வரைக்கும் முதுகுதான், நடுவில் நாலாம் படுக்கைக்காரர் கட்டிலில் எழுந்து நின்றுகொண்டு வெள்ளத்தில் மாட்டினவர் மாதிரி கத்தினார். மருந்து எடுக்கப் போயிருந்த சிஸ்டர் ஓடிவந்து பார்த்தார்.

"யாருடி கட்டினது?"

"டாக்டர் சொன்னாரு சிஸ்டர்."

"உன்னைக் கட்டிப்போட்டா உனக்கு எத்தனை ஆடு வரும்? அவுருங்கடி!"

அவிழ்த்தோம். வரத்து நின்றது. வந்தது வந்ததுதான்.

அதற்கப்புறம் ஆஸ்பத்திரி அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்கிற மாதிரித்தான். வாசலில் காவலுக்கு இருந்த தங்கப்பா, ஒரு நோயாளிக்கு ஒரு துணைக்குத்தான் பாஸ் என்று முதலில் மறித்துப் பார்த்தார், பிறகு ஆடுகளைத் துணை என்று எடுத்துக்கொள்வதா, பார்வையாளர் என்று எடுத்துக்கொள்வதா என்று ஆபீசில் கேட்டு எழுதினார், பதில் வருவதற்குள் ஆடுகள் காலை பத்து மணிக்குப் பின்வாசல் வழியே போய் மதில் ஓரப் புல்லை மேய்ந்துவிட்டு நாலு மணிக்குப் பார்வை நேரத்தில் சனங்களோடு சனங்களாக உள்ளே வரப் பழகிவிட்டன. பிரசவ வார்டுக்குள் ஆடு நுழையக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள், அதை ஆடு தின்றுவிட்டது. நாலாம் படுக்கைக்காரரின் கேஸ் ஷீட்டையும் தின்றுவிட்டது, அவருக்கு என்ன வியாதி என்று அதற்கப்புறம் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை, அவரும் யோசித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போய்விட்டார், நன்றாக இருக்கிறார். பக்கிரிசாமிக்குத்தான் கொண்டாட்டம். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் கொட்டகை நிறைந்துவிட்டது. ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற ஒவ்வொரு ஆட்டிடமும் கையை நீட்டினார், ஆடு அவர் கிழித்த பாதியையும் தின்றது, கிழிக்காத பாதியையும் தின்றது.

இதற்குள் சிஸ்டர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தார். ஆடு எப்போது கூடுகிறது என்று அவர் கவனித்துக்கொண்டே இருந்தார். பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து, இது எந்த ஊர், இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுவிட்டுப் போனபோது ஏழு ஆடு கூடியிருந்தது. கொத்தங்குடியிலிருந்து உறவுக்காரர்கள் ஆப்பிளும் பன்ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்து கட்டிலைச் சுற்றி நின்று, நம்ம சனங்களுக்கு நோயாளியைப் பார்த்தால் கேட்கத் தெரிந்த ஒரே கேள்வியை, "மாமா, என்னை யாருன்னு தெரியுதா?" என்று கேட்டார்கள், ஒருத்தர் கேட்டதும் ஒரு ஆடு வந்தது, "நல்லாப் பாத்துச் சொல்லுங்க, தெரியலையா?" என்று இன்னொருத்தர் கேட்டதும் இரட்டைக் குட்டியோடு ஒரு தாய் வந்தது. கோனார் அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்து, பரீட்சையில் பதில் தெரியாத பிள்ளை மாதிரி வியர்த்தார்.

"கேள்வி கேக்காதீங்க" என்றார் சிஸ்டர். "நான் இன்னாரு, வந்திருக்கேன், அப்படின்னு நீங்களே சொல்லிட்டு உக்காருங்க."

"நாங்க தெரிஞ்சுக்கத்தானே சிஸ்டர் கேக்கறோம்?"

"நீங்க யாருன்னு உங்களுக்குத் தெரியும்ல. அது போதும்."

அட்டையில் எழுதி மாட்டினார்: ஒன்பதாம் படுக்கையில் கேள்வி கேட்கக் கூடாது. எழுதி மாட்டிய பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது, கேள்வி கேட்காமல் எங்களுக்குப் பேசத் தெரியாது என்று. சாப்பிட்டீங்களா என்பதைச் சாப்பிட்டிருப்பீங்க என்று சொல்லிப் பார்த்தோம். வலிக்குதா என்பதை வலிக்கும் என்று சொன்னோம், அது சாபம் மாதிரி இருந்தது. முத்திருளாயிதான் பாவம், அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் குடிக்கிறியாப்பா?" என்று கேட்டுவிடுவாள், கேட்ட வாயை மூடுவதற்குள் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்க்கும். அவர் தண்ணீர் குடிக்காததால் ஆடு கூடியது, ஆடு கூடியதால் அவர் தண்ணீர் குடிக்கவில்லை, குடியுங்கள் என்று கேட்டாலும் கூடியது.

இந்த நேரம் பார்த்து, வயல் வைத்திருக்கிற சம்சாரிகள் வந்தார்கள். ஊரில் கிடை கிடைக்காத வருஷம் அது. ஆஸ்பத்திரியில் முன்னூறு ஆடு சும்மா படுத்து எழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பத்துப் பதினைந்து பேர் வராந்தாவில் நின்றார்கள். "ஒரு பொழுது நம்ம வயல்ல, சிஸ்டர். காலையில பல் தேய்க்கறதுக்குள்ள திருப்பிக் கொண்டாந்து விட்டுருவோம்" என்றார்கள். சிஸ்டர் முடியாது என்றார். போன மாதிரி போய்விட்டு, பார்வை நேரத்தில் ஒருத்தர் ஒருத்தராக எலுமிச்சம்பழத்தோடு வந்தார்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து, வேண்டுமென்றே, குரலைத் தாழ்த்தி, "கோனாரே, நான் யாரு? இது எந்த மாசம்? காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டு, வந்த ஆட்டைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டு போனார்கள்.

நாகூரான் என்று ஒருத்தர், மூன்று ஏக்கர்க்காரர், நாலாவது கேள்விக்கு வாயைத் திறந்தபோது முத்திருளாயி அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

"எங்கப்பன் உசுரு போனா உன் வயலுக்கு எருவா? போய்யா வெளிய!"

"இல்லம்மா, அக்கறையிலதான் விசாரிச்சேன்."

"விசாரிச்சே! இன்னொரு தடவை விசாரி, உன்னை ஆடு மேயுற புல்லுக்கு அடியில அனுப்புறேன்."

மறுநாள் காலை ரவுண்ட்ஸில் பெரிய டாக்டர் கோனாரின் தோலைக் கிள்ளி விட்டார், கிள்ளின தோல் கிள்ளினபடியே நின்றது. ஒன்றுக்குப் போய் ஒரு பகல் ஒரு ராத்திரி ஆகியிருந்தது. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை, கிடைத்த நரம்பில் ஏற்றியதும் கிடாய்க்குத்தான் போனது. டாக்டர் முத்திருளாயியை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, "இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள வாய் வழியா தண்ணி போகணும்மா. போகலைன்னா தாங்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு, காலில் இடித்த குட்டியைத் தாண்டிப் போனார்.

மேயப் போன ஆடுகளையும் உள்ளே திருப்பிவிட்டு, நாங்கள் எல்லா ஆட்டுக்கும் தண்ணீர் காட்டிவிடுவது என்று முடிவு செய்தோம். வார்டுக் குழாயில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். தங்கப்பா தன் மச்சான் வேலை செய்கிற தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார், ஆஸ்பத்திரியில் அவசரம் என்று மட்டும் சொன்னார், வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது, குழாயைப் பிடித்து ஜன்னல் வழியே உள்ளே விட்டார்கள், ஆடுகள் வரிசையாக நின்று குடித்தன, அந்த வீரர்கள் இதைவிட நல்ல தீயை இதுவரை அணைத்ததில்லை என்கிற மாதிரி முகத்தோடு நின்றார்கள். கடைசி ஆடு வாயை எடுத்ததும் வண்டியை ஓட்டி வந்தவர் மனசு நிறைந்து கோனாரைப் பார்த்து, "பெரியவரே, இப்ப திருப்திதானே?" என்று கேட்டுவிட்டார். ஒன்று வந்தது. வண்டியில் தண்ணீர் தீர்ந்திருந்தது, நாங்கள் தலையில் அடித்துக்கொண்டோம். கோனார் அந்த ஒன்றைப் பார்த்து, "அது இன்னும் குடிக்கலை" என்றார், குரல் பாதி காற்றாகத்தான் வந்தது.

மணி இரண்டாகப் போனது. இரண்டு மணிக்கு டூட்டி மாறும். மதிய டூட்டிக்கு வந்த மங்கையர்க்கரசி கையில் ரிப்போர்ட் நோட்டை வாங்கிக்கொள்ள, அமலோற்பவம் சிஸ்டர் ஒவ்வொரு கட்டிலாக நின்று, யார் பேரை விட்டாலும் பாவம் என்கிற மாதிரி ஒப்படைத்துக்கொண்டே வந்தார். "அஞ்சாம் படுக்கை, மாசிலாமணி, சர்க்கரை, ராத்திரி நாலு தடவை எழுந்தார், இடது காலில் புண், உப்பு கேட்பார், கொடுக்காதே. ஆறாம் படுக்கை, இன்னிக்கு மகன் வரலை, அதனால கோபத்துல இருக்கார், பேச்சுக் கொடு." அன்றைக்கு முந்தின மூன்று நாளும் அந்த நேரத்தில் கோனார் அரைத் தூக்கத்தில் கிடந்தார். அன்றைக்குக் கண்ணைத் திறந்து, தலையைத் திருப்பி, கேட்டுக்கொண்டே இருந்தார். எட்டாம் படுக்கைக்கு வந்தபோது கோனாரே வாயைத் திறந்து ஒரு கேள்வி கேட்டார். அவர் கேட்டால் ஆடு வராது.

"என்ன பண்றே தாயி?"

"ஒப்படைக்கிறேன் அய்யா. நான் வீட்டுக்குப் போகணும், இவ பாத்துக்கணும். ஒண்ணு விடாமச் சொல்லி இவ கையில கொடுத்தாத்தான் எனக்கு வீட்டுல சோறு இறங்கும்."

கோனார் ஆடுகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு, "எங்க கிடையிலயும் அதேன்" என்றார். "ஊருக்குப் போறவன் இருக்கறவன்கிட்ட ஆட்டை ஒப்படைக்கணும். ஒப்படைச்சுப்பிட்டா அம்புட்டுத்தான். அவன் பாடு."

அமலோற்பவம் சிஸ்டர் வீட்டுக்குக் கிளம்பின காலை அப்படியே திருப்பினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மங்கையர்க்கரசி கையிலிருந்த நோட்டை வாங்கினார், புதுப் பக்கம் திருப்பினார், பேனா மூடியைக் கழற்றினார். ஒரு கேள்வி கேட்கவில்லை.

"சொல்லுங்க அய்யா. எழுதிக்கறேன்."

கோனார் சொன்னார். காதில் வெட்டு விழுந்தது கிழட்டு மறி, அதுதான் முன்னால் நடக்கும், அதை அடிக்கப்படாது. கறுப்பு மூஞ்சிக்கு இடி பயம். வெள்ளை வயிறு சினை, இன்னும் பதினாறு நாள். இந்தக் கிடா முட்டும், அந்தக் கிடா முட்டற மாதிரி வரும், முட்டாது. இது தாயில்லாக் குட்டி, அந்தத் தாய்கிட்ட விட்டா உதைக்கும், இந்தத் தாய்கிட்ட விட்டா மடியை விட்டுக்கொடுக்கும். சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக எழுந்து நடந்து பக்கிரிசாமி கட்டிலைத் தாண்டி வராந்தாவுக்குப் போனது, பக்கிரிசாமி ஒவ்வொன்றுக்கும் ஒரு காலண்டர் தாளைக் கிழித்தார், மாசங்கள் தீர்ந்து போனதும் நாங்கள் ஓடிப்போய் ஆபீசிலிருந்து பழைய சுற்றறிக்கைகளைக் கொண்டுவந்து கொடுத்தோம், கிழித்த பாதியை இந்தத் தடவை ஆடு தின்னாமல் முத்திருளாயி வாங்கி மடியில் கட்டிக்கொண்டாள். வராந்தாவில் நின்ற சம்சாரிகள்கூட வாயை மூடிக்கொண்டு கேட்டார்கள். நாகூரான் தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்திருந்தார். மூன்றரை மணி ஆச்சு, நாலாச்சு, அவர் குரல் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது, நாலேமுக்காலுக்கு நின்றது. முத்திருளாயி மடியை அவிழ்த்து எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு.

"நானூத்திப் பன்னெண்டு" என்று சிஸ்டர் எழுதிக் கீழே கோடு போட்டார்.

"சரி" என்றார் கோனார். "அதுக குடிக்கறதுக்கு முந்தி நீ குடிக்கப்படாது."

"குடிக்க மாட்டேன்."

"பொறுப்பு?"

"என் பொறுப்பு. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கோனார் குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியை, மூன்று நாளாகத் தொரட்டி மாதிரிப் பக்கத்தில் பிடித்து வைத்திருந்த கம்பியை, எடுத்து சிஸ்டர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, தோளிலிருந்து என்னவோ இறங்கின மாதிரித் தலையணையில் சாய்ந்து, மகளைப் பார்த்து, "தாகமா இருக்கு" என்றார்.

முத்திருளாயி அழுதுகொண்டே கொடுத்தாள். "மெதுவா, மெதுவா, ஒரு மடக்கு ஒரு மடக்கா" என்றார் சிஸ்டர். அஞ்சு டம்ளர் போனது. ஆறாவது டம்ளரில் மாத்திரையும் போனது. ஏழு மணிக்கு ஒன்றுக்குப் போனார், நாங்கள் எல்லோரும் கல்யாணச் செய்தி மாதிரி ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டோம்.

மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து, "இருளாயி, என்னை எதுக்கு இங்கன கொண்டாந்து போட்டுருக்கே, வீட்டுல கோழிக்கு யாரு தீனி வைக்கிறது?" என்று கேட்டார். மகளைத் தெரிந்தது, கிழமை தெரிந்தது, பெரிய டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், ஏழு ஏழாகக் குறைக்கிறது மட்டும் வரவில்லை, அது எங்களுக்கும் வராது.

ஆடு போகவில்லை.

போயிருக்க வேண்டும், போயிரும் என்று சிஸ்டரே சொன்னார். ஆனால் கோனார் தலையிலிருந்து இறங்கின ஆடு நோட்டுக்குள் ஏறிவிட்டது, கையெழுத்தோடு, கோட்டோடு, பொறுப்போடு. கவர்மெண்டு நோட்டில் ஒரு தடவை ஏறினதை யார் இறக்குவது? அமலோற்பவம் சிஸ்டர் ரெண்டு நாளாக வீட்டுக்கே போகவில்லை. ஒரே குழாயில் நானூற்றுப் பன்னிரண்டுக்கும் தண்ணீர் காட்டினார், கடைசி ஆடு குடித்து முடிக்கிறபோது முதல் ஆட்டுக்குத் தாகம் எடுத்துவிடும், சொன்ன சொல்லுக்காக அவர் ஒரு சொட்டுத் தொடவில்லை. "நீங்க குடிங்க சிஸ்டர், அவருதான் தெளிஞ்சிட்டாரே" என்று மங்கையர்க்கரசி கெஞ்சினாள். "கையெழுத்துப் போட்டிருக்கேன்டி" என்றார். உதடு வெடித்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் என்னைப் பார்த்து, "ஜெயமேரி, அம்மா எங்க?" என்று கேட்டார். ஜெயமேரி என்பது அவருடைய அக்கா பேர், செத்துப் பதினோரு வருஷம். கேட்டு முடித்ததும் அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு கோழி வந்தது. அது ஆடு இல்லை என்பதால் எந்த நோட்டில் எழுதுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நின்றுகொண்டே பார்த்தோம். இரண்டாவது கோழியும் வந்தது.

அன்றைக்குத்தான் கோனாருக்கு டிஸ்சார்ஜ். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மகள் தோளைப் பிடித்துக்கொண்டு வார்டு நடுவில் நின்றார். அவர் கண்ணுக்கு ஆடும் தெரியவில்லை, கோழியும் தெரியவில்லை. சுத்தமாகத் துடைத்த வெறும் தரையில் ஆயாமார் நாங்கள் எதையோ தாண்டித் தாண்டிக் காலைத் தூக்கி வைத்து நடப்பதும், தங்கப்பா ஒன்றும் இல்லாத வாசலை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பதும், ஒரு குட்டைச் சிஸ்டர் குளுக்கோஸ் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு காலி வராந்தாவில் வாளி வாளியாகத் தண்ணீர் வைத்துக்கொண்டு தள்ளாடுவதும்தான் தெரிந்தது.

"ஆத்தா" என்று மகள் காதில் கேட்டார், "அந்த அம்மாவுக்கு எத்தனை நாளா இப்படி?"

"ஆட்டுக்குத் தண்ணி காட்டறாங்கப்பா" என்றாள்.

கோனார் ஆடு எங்கே என்று கேட்கவில்லை. சிஸ்டரிடம் போனார். ஆடு மேய்த்தவருக்கு வறண்ட வாயைப் பார்த்தால் தெரியும். தன் கண்ணுக்குத் தெரியாததை இல்லை என்றும் சொல்லவில்லை, இருக்கிறது என்றும் சொல்லவில்லை. கையை நீட்டினார்.

"தாயி, கம்பைக் கொடு. என்கிட்ட ஒப்படைச்சிட்டுப் போ."

சிஸ்டர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நானூத்திப் பன்னெண்டு" என்றார்.

"ஒண்ணு விடாமச் சொல்லு. கேட்டுக்கறேன்."

சிஸ்டர் நோட்டைப் பிரித்துப் படித்தார். கிழட்டு மறி, கறுப்பு மூஞ்சி, வெள்ளை வயிறு. கோனார் நின்றுகொண்டே, ஒவ்வொன்றுக்கும் "சரி" சொன்னார், ஒரு இடத்தில் மட்டும் தலையைச் சாய்த்து, "இதை எனக்குத் தெரியும் போலிருக்கே" என்றார், பிறகு "சரி, சொல்லு" என்றார். முடிந்ததும் நோட்டில் பெருவிரல் ரேகை வைத்தார். மங்கையர்க்கரசி செம்பை நீட்டினாள். சிஸ்டர் செம்பை அண்ணாந்து குடித்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது, குடிக்கக் குடிக்க ஒரு கோழி மேஜைக்கு அடியில் போனது, இரண்டாம் செம்புக்கு இன்னொன்றும் போனது. பிறகு வார்டுக்குள் வந்து தரையில் உட்கார்ந்து, கோனாரின் கட்டிலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார்.

கோனார் குளுக்கோஸ் கம்பியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அந்த அம்மாவின் மனசு குளிரட்டும் என்று, வெறும் தரையைப் பார்த்து நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார், "ஹேய், த்தா, த்தா." கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கிழட்டு மறி எழுந்தது. எல்லாம் எழுந்தது. பக்கிரிசாமி தன் மடியிலிருந்த குட்டியை மட்டும் விடவில்லை, "படம் முடியாம வெளிய விடமாட்டோம்" என்று சொல்லிவிட்டார். மங்கையர்க்கரசி அதை எட்டாம் படுக்கைக்கு மாற்றி எழுதினாள், அது அங்கேதான் இருக்கட்டும், அவருக்குத் தெளியப்போவதில்லை, துணை வேண்டும். மீதி நானூற்றுப் பதினொன்றும் வாசல் தாண்டி, மருந்துக் கடை தாண்டி, வாயைத் திறக்காமல் இரண்டு பக்கமும் கைகட்டி நின்ற சம்சாரிகளைத் தாண்டி, புழுதி கிளப்பிக்கொண்டு அவர் பின்னால் போயின. புழுதியைக்கூட அவர் காற்று என்றுதான் நினைத்திருப்பார்.

பஸ் ஸ்டாண்டில் கொத்தங்குடி மினி பஸ் நின்றிருந்தது. கோனார் படியில் ஒரு காலை வைத்ததும் கண்டக்டர் கையை நீட்டி மறித்தார்.

"பெரியவரே, நீங்க ஏறுங்க, உங்க மக ஏறட்டும். இத்தனை ஆட்டை எங்கே ஏத்துறது? பஸ்ஸா, என்னதுன்னு நினைச்சீங்க?"

கோனார் மெல்லத் திரும்பி ரோட்டைப் பார்த்தார். வெயில்தான் நின்றது. டிரைவரைப் பார்த்தார், அவரும் கண்ணாடி வழியே பின்னால் பார்த்துத் தலையில் கை வைத்திருந்தார். டீக்கடைக்காரரைப் பார்த்தார், அவர் அடுப்படிக் கீரைக்கட்டைத் தூக்கி உயரே வைத்துக்கொண்டிருந்தார். கோனார் காலைப் படியிலிருந்து இறக்கினார்.

"இருளாயி, அந்தத் தண்ணி பாட்டிலை எடுத்து முதல்ல இந்தத் தம்பிக்குக் கொடு ஆத்தா" என்றார், குரலில் அத்தனை கவலை. "பாவம், இந்த ஊருக்கே உள்ள தண்ணி போகலை."